சின்ன டவுன்ல மார்மன் மிஷனரியா ஒரு வாரம்: திங்கள்ல இருந்து ஞாயிறு வரைக்கும் முழு வழிகாட்டி

நம்ம தமிழ் குடும்பங்கள்ல இருந்து மிஷனுக்கு, அதாவது மார்மன் சபைக்காக வேற ஊருக்கு போய் ஊழியம் பண்ண, போற பசங்க ரொம்ப கம்மி, அதனால கால், அதாவது எந்த ஊருக்கு போகணும்னு சபை அனுப்பற அழைப்பு, வந்த உடனே யார்கிட்ட போய் கேக்கறதுன்னே தெரியாது. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. எங்க அம்மா அப்பா கோயம்புத்தூர்ல இருந்தப்பவே சபையில சேந்தவங்க, அப்புறம் டெக்சாஸ்ல செட்டில் ஆனோம், எனக்கு கால் வந்தது அயோவா மாநிலத்துக்கு. அதுல கடைசி ஆறு மாசம் மாநிலத்தோட தெற்குப்பக்கம் ஒரு சின்ன டவுன். நடுவுல கோர்ட் ஹவுஸ், அதை சுத்தி நாலு பக்கமும் கடை, ஒரு வாட்டர் டேங்க், அவ்ளோதான், கார்ல ரெண்டு நிமிஷம் போனா ரெண்டு பக்கமும் சோளமும் சோயாவும் ஆரம்பிச்சிடும்.

சபையோட முழுப்பேரு பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. மார்மன்ங்கற பட்டப்பேரை விட்டுட்டு முழுப்பேரையே சொல்லுங்கன்னு 2018ல அப்போ தலைவரா இருந்த ரசல் நெல்சன் கேட்டுக்கிட்டார், ஆனா தேடறவங்க இன்னும் மார்மன்னுதான் தேடறாங்கங்கறதால தலைப்புல வெச்சிருக்கேன். பசங்களுக்கு 18 வயசு ஆனா போகலாம், 24 மாசம். பொண்ணுங்களுக்கு 18 மாசம்.

ஒரு விஷயத்தை ஆரம்பத்துலயே சொல்லிடறேன், கீழ எழுதற எல்லாமே அதுல இருந்துதான் வருது. பெரிய சிட்டியில பழகின பழக்கத்தோட சின்ன டவுனுக்கு வந்தீங்கன்னா மூணு வாரத்துல எல்லா கதவையும் தட்டி முடிச்சிருவீங்க. நாலாவது வாரம் திங்கட்கிழமை என்ன பண்றதுன்னு முழிப்பீங்க. அங்க உங்க பேச்சுத்திறமை எல்லாம் ரெண்டாவதுதான், சொன்ன நேரத்துக்கு சொன்ன இடத்துல போய் நிக்கறீங்களாங்கறதைத்தான் ஊரே பாக்கும்.

படி 1: தினசரி ஓட்டத்தை முதல் வாரத்துலயே புடிச்சிக்கோங்க

காலையில 6:30க்கு எந்திரிக்கணும், அரை மணி நேரம் எக்சர்சைஸ், குளியல், டிஃபன், அப்புறம் தனியா படிக்கறது, அப்புறம் கம்பேனியனோட சேந்து படிக்கறது. பத்து மணி வாக்குல வெளிய. ராத்திரி 9 மணிக்கு வீட்டுக்கு வந்துடணும், யாருக்காவது சபை பத்தி பாடம் எடுத்துட்டு இருந்தா 9:30, 10:30க்கு லைட் ஆஃப். 2017ல இருந்து நடுவுல இருக்கற நேரத்தை கொஞ்சம் நம்ம இஷ்டத்துக்கு மாத்திக்கலாம்னு வந்துடுச்சு, சின்ன டவுன்ல இதை நல்லா யூஸ் பண்ணிக்கோங்க, ஏன்னா விவசாயிங்க மத்தியானம் வீட்ல இருக்க மாட்டாங்க, அறுவடை டைம்ல ராத்திரி எட்டு மணி வரைக்கும் வயல்லதான் இருப்பாங்க.

கம்பேனியன்னா உங்ககூட 24 மணி நேரமும் இருக்கற இன்னொரு மிஷனரி. கண்ணுக்கு தெரியற தூரத்துல, காதுக்கு கேக்கற தூரத்துல இருக்கணும், பாத்ரூம் மட்டும்தான் விதிவிலக்கு. நீங்க அவரை தேர்ந்தெடுக்க முடியாது. ஆறு வாரத்துக்கு ஒரு தடவ ட்ரான்ஸ்ஃபர் வரும், அதுல ரெண்டு பேர்ல ஒருத்தர் மாறலாம், மாறாமயும் இருக்கலாம்.

பேரு விஷயம் ஒண்ணு. பேட்ஜ்ல எல்டர்னு போட்டு லாஸ்ட் நேம் மட்டும்தான் இருக்கும், பொண்ணுங்களுக்கு சிஸ்டர். நம்ம ஆளுங்களுக்கு லாஸ்ட் நேம்னா அப்பா பேருதானே. ரெண்டு வருஷம் முழுக்க என்னை எல்லாரும் எங்க அப்பா பேரை சொல்லித்தான் கூப்பிட்டாங்க. முதல் நாள் அந்த கருப்பு பேட்ஜை சட்டையில மாட்டினப்போ கண்ணாடியில ரொம்ப நேரம் பாத்துட்டே நின்னேன், எங்க போனாலும் நான் பண்றது அப்பா பேர்ல போய் சேரும்னு அப்பதான் உறைச்சுது. இதை உங்க வீட்ல சொல்லுங்க, அப்பாக்களுக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கும்.

படி 2: திங்கட்கிழமையை வீணாக்காதீங்க

திங்கள்தான் பி டே, அதாவது மத்த நாளுக்கு தயாராகற நாள். சாயங்காலம் 6 மணி வரைக்கும். துணி துவைக்கறது, வீட்டை கழுவறது, மளிகை, முடி வெட்டறது, வீட்டுக்கு பேசறது எல்லாம் அதுக்குள்ள. 2019 பிப்ரவரிக்கு முன்னாடி போன மிஷனரிங்களுக்கு கிறிஸ்மஸ்க்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான் ஃபோன், மத்தபடி ஈமெயில்தான். இப்போ வாரத்துக்கு ஒரு தடவ வீடியோ கால் பேசலாம். நான் காலையில 9 மணிக்கு பேசுவேன், அப்போ கோயம்புத்தூர்ல சம்மர் டைம்ல சாயங்காலம் 7:30, பாட்டியும் லைன்ல வந்துடுவாங்க.

பேரண்ட்ஸ் படிக்கறீங்கன்னா ஒரு சின்ன ரிக்வெஸ்ட், அந்த கால்ல சாப்டியா தூங்கினியான்னு மட்டும் கேக்காம இந்த வாரம் யாரையெல்லாம் பாத்தன்னு கேளுங்க. அந்த கேள்விக்கு பதில் சொல்றப்பதான் நான் என்ன பண்ணிட்டு இருக்கேன்னு எனக்கே தெளிவாகும்.

காசு பத்தி சுருக்கமா. அமெரிக்கால இருந்து போறவங்களுக்கு 2020 ஜூலைல இருந்து மாசம் 500 டாலர் குடும்பம் கட்டணும், அதுக்கு முன்னாடி 400. அது பொதுவுல போய் சேரும், செலவு ஜாஸ்தியான நாட்டுக்கு போனாலும் கம்மியான நாட்டுக்கு போனாலும் ஒரே தொகைதான். உங்களுக்கு சாப்பாட்டு செலவுக்கு மாசாமாசம் கார்டுல ஒரு அமௌண்ட் ஏறும். அதுல ஓட்டணும்னா சமைக்க கத்துக்கிட்டு போங்க. ஹைவீ கடையில பருப்பு, அரிசி, தக்காளி, எலுமிச்சம்பழம் எல்லாமே கிடைக்கும், கடுகு மஞ்சள் பெருங்காயம் மட்டும் எங்க அம்மா பார்சல்ல அனுப்பிச்சாங்க. லெமன் ரைஸ் பெரிய பாத்திரத்துல கிளறி வெச்சா செவ்வாய் புதன் ரெண்டு நாள் மத்தியானத்துக்கு ஆகும்.

பி டேல ஒரு நாளாவது உங்க ஏரியாவோட வரலாறை போய் பாருங்க, எல்லைக்கு வெளிய இருந்தா மிஷன் பிரசிடெண்ட், அதாவது அந்த பகுதி மிஷனரிங்களுக்கெல்லாம் தலைவர், அவர்கிட்ட பர்மிஷன் வாங்கணும். எங்க பக்கம் மவுண்ட் பிஸ்கானு ஒரு இடம் இருக்கு. 1846ல இல்லினாய் மாநிலத்து நாவூ ஊர்ல இருந்து துரத்தப்பட்ட நம்ம சபை ஜனங்க வண்டி கட்டிக்கிட்டு மேற்க போறப்போ நடுவுல கார்டன் குரோவ், மவுண்ட் பிஸ்கானு ரெண்டு இடத்துல நிலத்தை திருத்தி வேலி போட்டு பயிர் வெச்சாங்க. வெச்சவங்கள்ல நிறைய பேர் அறுவடைக்கு நிக்கல, பின்னாடி வர்றவங்க சாப்பிடட்டும்னு விட்டுட்டு போயிட்டாங்க. அங்கேயே செத்துப்போனவங்களும் நிறைய. இப்போ ஒரு நினைவுத்தூணும் புல்லும் காத்தும்தான் இருக்கு. நான் அங்க நின்னப்போ அக்டோபர் மாசம், சுத்தி சோளம் காய்ஞ்சு நின்னுச்சு.

படி 3: செவ்வாய், புதன்: ஊரை படிங்க

செவ்வாய்க்கிழமை காலையில டிஸ்ட்ரிக்ட் கவுன்சில்னு ஒரு மீட்டிங் இருக்கும், பக்கத்து ஏரியா மிஷனரிங்க நாலஞ்சு ஆறு பேர் கூடி யாருக்கு என்ன உதவி வேணும்னு பேசறது. சின்ன டவுன்ல இருந்தா இதுக்கே ஒரு மணி நேரம் ட்ரைவ் இருக்கும், இல்லாட்டி வீடியோல பேசுவீங்க. சில மிஷன்ல வேற நாள் வைப்பாங்க.

கார் பத்தி இங்கயே சொல்லிடறேன். மாசத்துக்கு இவ்வளவு மைல்தான்னு கணக்கு உண்டு, கார்ல ஒரு சின்ன கருவி இருக்கும், ஸ்பீடு தாண்டினா அது வாய் விட்டு சொல்லும். ரிவர்ஸ் எடுக்கறப்போ ஓட்டாதவர் கட்டாயம் கீழ இறங்கி பின்னாடி நின்னு கை காட்டணும். ஜனவரில மைனஸ் 20 டிகிரில, பனி முழங்கால் வரைக்கும் இருக்கறப்போ, பார்மல் ஷூவோட இறங்கி ரெண்டு கையையும் ஆட்டிட்டு நிப்பீங்க. ஒவ்வொரு வீட்லயும், ஒவ்வொரு தடவையும். எங்க எதிர் வீட்டு அம்மா இதை ஜன்னல்ல இருந்து மாசக்கணக்கா பாத்துட்டு இருந்திருக்காங்க, ஒரு நாள் கூப்பிட்டு, யாரும் பாக்காதப்ப கூட நீங்க இறங்கறீங்களேன்னு கேட்டாங்க. எங்க கூட அவங்க பேசின முதல் வார்த்தை அதுதான். நல்ல ஸ்னோ பூட்ஸ் வாங்கிக்கோங்க, அதுல கஞ்சத்தனம் வேண்டாம்.

இந்த ரெண்டு நாளும் நாங்க கதவு தட்டறதை கொறைச்சிட்டு லைப்ரரி, ஸ்கூல் ஃபுட்பால் கிரவுண்ட், முதியோர் இல்லம், கோர்ட் ஹவுஸ் திண்டு இங்கெல்லாம் இருந்தோம். பெட்ரோல் பங்க்லயே கடை இருக்கும், காலையில அங்க வயசான விவசாயிங்க பத்து பேர் காபி குடிச்சிட்டு மழை, விலை, டிராக்டர்னு பேசிட்டு இருப்பாங்க. ஊர் நியூஸ் எல்லாம் அந்த டேபிள்ல இருந்துதான் கிளம்பும். நீங்க காபி டீ குடிக்க மாட்டீங்க, அது ஞான வார்த்தைன்னு நாம சொல்ற 1833ம் வருஷத்து உபதேசத்துல வருது, ஆனா ஹாட் சாக்லேட் வாங்கிட்டு உக்காரலாம், உக்காருங்க. பைபிளை எடுக்காதீங்க அங்க. மழை வருமான்னு கேளுங்க, அவங்க சொல்றதை கேளுங்க, பேரை ஞாபகம் வெச்சிக்கோங்க. நம்ம ஊர் டீக்கடை பெஞ்சு எப்படியோ அப்படித்தான் இதுவும், புதுசா வர்ற பையன் வந்த உடனே வாய் தொறந்தா யாருக்கும் பிடிக்காது.

பாடம் எடுக்கறது பத்தி நிறைய எழுத மாட்டேன், அதுக்கு ட்ரெய்னிங்ல தனியா சொல்லி தருவாங்க. ஒண்ணு மட்டும், தனியா இருக்கற பொண்ணு வீட்டுக்கு ரெண்டு பசங்களா உள்ள போகவே கூடாது, சபையில இருந்து ஒரு அம்மாவை கூட்டிட்டு போகணும், இல்லாட்டி வாசல்லயே பேசிட்டு வந்துடணும். சின்ன டவுன்ல இது உங்களை மட்டும் இல்ல அந்த பொண்ணோட பேரையும் காப்பாத்தும்.

படி 4: வியாழக்கிழமை ப்ளானிங், இதுதான் வாரத்தோட முதுகெலும்பு

வியாழனோ வெள்ளியோ, ரெண்டு மூணு மணி நேரம் டேபிள்ல உக்காந்து அடுத்த வாரத்தை போடணும். ஃபோன்ல ஏரியா புக்னு நாங்க சொல்ற ஒரு ஆப் இருக்கு, யாரை எப்போ பாத்தோம், என்ன பேசினோம், அடுத்து என்னன்னு எல்லாம் அதுல இருக்கும், உங்களுக்கு முன்னாடி அந்த ஊர்ல இருந்தவங்க எழுதினதும் இருக்கும்.

நான் பண்ணின முறை இதுதான். முதல்ல ஆளுங்க பேரு, அப்புறம்தான் நேரம். ஒவ்வொரு பேரையும் எடுத்து, இவங்களுக்கு இந்த வாரம் என்ன நடந்துட்டு இருக்குன்னு ரெண்டு பேரும் பேசணும். ஒருத்தருக்கு ஆபரேஷன், ஒருத்தர் வீட்ல பொண்ணு கல்யாணம், ஒருத்தருக்கு சோளம் அறுக்கற வாரம், அவர்கிட்ட இப்போ பாடம்னு போய் நின்னா அவர் மேல நமக்கு அக்கறையே இல்லன்னு ஆயிடும். பேரை எல்லாம் முடிச்ச பிறகு ஊரை நாலா பிரிச்சு, ஒரு பக்கம் போனா அந்த பக்கத்துல இருக்கற எல்லாரையும் பாக்கற மாதிரி போடுங்க, மைல் மிச்சமாகும். கடைசியா ஒவ்வொரு அப்பாயிண்ட்மெண்ட்டுக்கும் இது நடக்கலன்னா என்னன்னு ஒரு மாத்து ப்ளான் எழுதி வைங்க. பாதி அப்பாயிண்ட்மெண்ட் கேன்சல் ஆகத்தான் செய்யும், அதுக்கு மனசு உடைஞ்சு காருக்குள்ள உக்காந்திருக்க கூடாது.

ப்ளானிங் முடியறப்போ கம்பேனியன்ஷிப் இன்வெண்டரி. அதாவது ரெண்டு பேரும் நேருக்கு நேர் உக்காந்து, உங்கிட்ட எனக்கு பிடிச்சது இது, இந்த வாரம் கஷ்டமா இருந்தது இதுன்னு சொல்லிக்கணும். நம்ம வீட்டு வளர்ப்புல இதை வாய் விட்டு சொல்றது ரொம்ப கஷ்டம், மனசுலயே போட்டு வெச்சிக்கறதுதான் மரியாதைன்னு நினைப்போம். என் ஒரு கம்பேனியன் நான் படிக்கறப்போ பேனாவை டிக் டிக்னு அழுத்திட்டே இருப்பார், நாலு வாரம் சொல்லவே இல்ல, அஞ்சாவது வாரம் ஒரு சம்பந்தமே இல்லாத விஷயத்துக்கு அவர்கிட்ட கத்திட்டேன். அவர் அன்னைக்கு நைட் சாப்பிடவே இல்ல. இன்வெண்டரியை எந்த வாரமும் தள்ளிப்போடாதீங்க, சின்னதா இருக்கறப்பவே சொல்லிடுங்க.

படி 5: வெள்ளி சாயங்காலம் மெம்பர் வீட்டு சாப்பாடு

சின்ன டவுன்ல வார்டுன்னு சொல்ற பெரிய சபை இருக்காது, கிளைதான், பிராஞ்ச். எங்களோடதுல ஞாயித்துக்கிழமை நாப்பது பேர் வந்தா நல்ல கூட்டம். அதுல நாலஞ்சு வீடுதான் உங்களை மாத்தி மாத்தி சாப்பிட கூப்பிடும், அவங்களுக்கு பாரமா ஆயிடாதீங்க. ஒரு மணி நேரத்துக்கு மேல உக்காராதீங்க, பாத்திரம் கழுவி கொடுங்க, போறப்போ ஒரு வேத வசனம் சொல்லி சின்னதா ஜெபம் பண்ணிட்டு கிளம்புங்க. மாட்டுக்கறியும் பன்னிக்கறியும்தான் அதிகம், நீங்க சாப்பிடாதவரா இருந்தா முன்னாடியே கிளையில சொல்லி வெச்சிடுங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க, சமைச்சு வெச்ச பிறகு சொன்னாதான் அவங்களுக்கு சங்கடம். ஆகஸ்ட்ல வயல்ல இருந்து அப்பவே ஒடிச்ச ஸ்வீட் கார்னை வேக வெச்சு வெண்ணெய் தடவி கொடுப்பாங்க, அதை வேற எங்கயும் அந்த ருசியில நான் சாப்பிட்டதில்ல.

படி 6: சனிக்கிழமை கை வேலை

பனி வாரறது, இலை கூட்டறது, வேலி கட்டறது, வீடு மாத்தற குடும்பத்துக்கு சோபா தூக்கறது. பிரதிபலன் எதிர்பாக்காம பண்ணணும், சபைக்கு வருவாங்கன்னு கணக்கு போட்டுட்டு மண்வெட்டி எடுத்தா அது மூஞ்சில தெரிஞ்சிடும்.

இங்க நான் பண்ணின தப்பை சொல்றேன். டவுனுக்கு வெளிய ஒரு வயசான விவசாயி, சம்சாரம் தவறி ரெண்டு வருஷம் ஆச்சு, சபை கிபை எல்லாம் வேண்டாம்னு முதல் நாளே சொல்லிட்டார். ஆனா வெட்டி போட்ட விறகு வீட்டு பின்னாடி கெடந்துச்சு, சனிக்கிழமை 8 மணிக்கு வந்து அடுக்கி தர்றோம்னு நான்தான் சொன்னேன். வெள்ளிக்கிழமை ராத்திரி ரொம்ப நாளா பாக்க முயற்சி பண்ணின ஒரு குடும்பம் சனி காலையில வாங்கன்னு மெசேஜ் பண்ணினாங்க, பாடமாச்சேன்னு அங்க போயிட்டோம். இவருக்கு ஃபோன் பண்ணி சொல்லிடலாம்னு நினைச்சேன், மறந்துட்டேன். செவ்வாய்க்கிழமை அந்த பெட்ரோல் பங்க் டேபிள்ல போய் உக்காந்தா யாரும் நிமிர்ந்து பாக்கல. ஒருத்தர் மட்டும், அவர் ஏழரைக்கே கையுறை போட்டுட்டு வாசல்ல உக்காந்திருந்தார், பத்து மணி வரைக்கும்னு சொன்னார். அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல.

அன்னைக்கே நேரா அவர் வீட்டுக்கு போனோம். காரணம் எதுவும் சொல்லல, தப்பு எங்களுதுதான்னு சொல்லிட்டு, இப்பவே பண்ணட்டுமான்னு கேட்டோம். அவர் பதில் சொல்லாம உள்ள போய் ரெண்டு ஜோடி கையுறை எடுத்துட்டு வந்து கொடுத்தார். பெரிய கட்டை அடியில, சின்னது மேல, பட்டை மேல் பக்கமா இருக்கணும், தண்ணி உள்ள எறங்காதுன்னு ஒவ்வொரு வரிசைக்கும் சொல்லிக்கொடுத்தார். அதுக்கப்புறம் ஆறு வாரம் எந்த சனிக்கிழமையும் நாங்க போகாம இருக்கல. அவர் சபைக்கு வரவே இல்ல, நானும் ரெண்டாவது தடவ கேக்கல. ஆனா பங்க் டேபிள்ல எங்களுக்கு ரெண்டு நாற்காலி தள்ளி வைக்க ஆரம்பிச்சாங்க, எங்களை வீட்டுக்கு கூப்பிட்டு கேள்வி கேட்ட மூணு குடும்பமும் அந்த டேபிள்காரங்க சொல்லித்தான் வந்தாங்க.

அதனால வர முடியாதுன்னா முன்னாடியே ஃபோன். ஒரு வாக்கு கொடுத்த பிறகு அதை விட நல்ல வாய்ப்பு வந்தா, முதல்ல கொடுத்ததுதான்.

படி 7: ஞாயிறு

2019 ஜனவரில இருந்து மொத்தம் ரெண்டு மணி நேரம்தான். முதல் ஒரு மணி திருவிருந்து கூட்டம், அப்பமும் தண்ணியும் கொடுப்பாங்க, அப்புறம் வகுப்பு. சம்பளம் வாங்கற பாஸ்டர் யாரும் கிடையாது, கிளைத்தலைவர் வாரம் பூரா வேற வேலை பாக்கறவர். அதனால சின்ன கிளையில மிஷனரிக்கு எல்லா வேலையும் வரும், அப்பத்தை ஆசீர்வதிக்கறது, பிரசங்கம், பியானோ, சண்டே ஸ்கூல் டீச்சர் வரலன்னா வகுப்பு. சட்டைப்பையில எப்பவும் அஞ்சு நிமிஷ பேச்சு ஒண்ணு ரெடியா வெச்சிக்கோங்க. மாசத்தோட முதல் ஞாயிறு உபவாசம், ரெண்டு வேளை சாப்பாட்டை விட்டு அந்த காசை இல்லாதவங்களுக்கு காணிக்கையா கொடுக்கறது, விரதம் இருந்து பழகின வீட்டு பசங்களுக்கு இது ஈசியா இருக்கும்.

யாரையாவது கூட்டத்துக்கு கூப்பிட்டிருந்தா வாசல்ல நில்லுங்க. அவங்க தனியா உள்ள நுழைஞ்சு எங்க உக்காரறதுன்னு தேடக்கூடாது. சின்ன டவுன்ல ஒரு புது சபைக்குள்ள நுழையறது அவங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு நமக்கு புரியாது, மதியத்துக்குள்ள அவங்க மாமியார் வரைக்கும் நியூஸ் போயிருக்கும்.

சாயங்காலம் நம்பர் அனுப்பணும், புதுசா எத்தனை பேருக்கு பாடம், எத்தனை பேர் கூட்டத்துக்கு வந்தாங்க, ஞானஸ்நானத்துக்கு தேதி வெச்சவங்க எத்தனை. எங்க டவுன்ல பல வாரம் பூஜ்ஜியம்தான். உண்மையை அப்படியே போடுங்க, கூட்டி போடாதீங்க. மிஷன் பிரசிடெண்ட்டுக்கு வாரம் ஒரு லெட்டர் எழுதணும்ல, மனசு சரியில்லன்னா, தூக்கம் வரலன்னா, அழுகையா வருதுன்னா அதை அந்த லெட்டர்ல எழுதுங்க, காத்திருக்க முடியலன்னா ஃபோன் பண்ணுங்க. கவுன்சிலிங் ஏற்பாடு பண்ணுவாங்க. முன்னாடியே வீட்டுக்கு திரும்பி வர்ற பசங்களும் இருக்காங்க, அப்படி வந்தவங்களை நம்ம ஆளுங்க என்னாச்சு என்னாச்சுன்னு துருவக்கூடாது, எனக்கு தெரிஞ்ச ஒரு பையன் அந்த கேள்விக்கு பயந்தே ஒரு வருஷம் வெளிய வரல.

படி 8: ட்ரான்ஸ்ஃபர் வாரம்

சனிக்கிழமை ராத்திரி வாக்குல மெசேஜ் வரும், அடுத்த வார நடுவுல பெட்டியை கட்டிட்டு கிளம்பணும். துணியை மடிக்கறதுக்கு முன்னாடி ஏரியா புக்கை தொறங்க. ஒவ்வொரு ஆளுக்கும் நீங்க தெரிஞ்சிக்கிட்டதை எழுதுங்க, பாடம் எத்தனை ஆச்சுங்கறது மட்டும் இல்ல, நாய் கடிக்குமா, காது எந்தப்பக்கம் கேக்காது, எந்த மாசம் அவங்களுக்கு கஷ்டம், இதெல்லாம். நான் கிளம்பின நவம்பர்ல ரெண்டு மணி நேரம் உக்காந்து எழுதினேன். விறகு பெரியவர் பேருக்கு கீழ போட்டது இது: சனிக்கிழமை காலை 8 மணி, ஏழே முக்காலுக்கே போயிடுங்க, அவர் ஏழரைக்கே ரெடியா இருப்பார். கையுறை அவர் கொடுப்பார். பட்டை மேல் பக்கமா வரணும். சபை பத்தி கேக்க வேண்டாம். சம்சாரம் இறந்தது பிப்ரவரி, அந்த மாசம் ரெண்டு தடவ போங்க.